மூன்றும் ஏழும்

ரோலாவில், வங்கிகளுக்குப் பின்சந்தில்
எங்கள் டைப்பிங் சென்டர்.
கதவோரம் அரபிக்கு உஸ்மான், சூடானி.
ஏசிக்குக் கீழே ஆங்கிலத்துக்கு நான்.
விசா, வாடகை ஒப்பந்தம், தொலைந்த பாஸ்போர்ட்டுக்கு மனு.
பக்கம் இருபது திர்ஹம்.
அழுதுகொண்டே சொன்னாலும்
'மேற்கண்ட பொருள் தொடர்பாக' என்றுதான் தொடங்குவேன்.

நேபாளி, பட்டாணி, மணிலாக்காரி,
எல்லோரும் என்னிடம் ஆங்கிலம்தான். நன்றாகவே போகும்.
போன மாதம் அசல் வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார்.
அவர் பேசியது மட்டும்
யாருக்கும் புரியவில்லை.

உம்மு கல்ஃபான் அன்று உஸ்மானைத் தாண்டி
நேரே என் மேசைக்கு வந்தார்.
"பிஷ்ஷமுத்து" என்றார்.
அது என் அப்பா பெயர். அட்டையில் கடைசியில் நிற்பதால்
பதினோரு வருஷமாக இங்கே வேலை பார்ப்பது அவர்தான்.

கைப்பேசியை நீட்டினார்.
லீட்ஸில் படிக்கிற மகன் அனுப்பியது.
அரபிதான். எழுத்துதான் ஆங்கிலம்.
சின்ன வகுப்பிலிருந்தே இங்கிலீஷ் ஸ்கூல்,
அரபி எழுத்தில் விரல் தடுமாறுமாம்.
குரலில் அனுப்பச் சொல்லலாமே என்றேன்.
அறையில் கூட ஆள் இருக்கிறதாம்.
உஸ்மான் படிப்பானே என்றேன்.
"அவனுக்குப் புரிந்துவிடும்" என்றார் தணிந்த குரலில்.
"உனக்குப் புரியாது. படி."

"அனா த மூன்று பான்" என்றேன்.
எண்ணை எண்ணாகவே படித்தேன், வண்டி நம்பர் மாதிரி.
அந்தம்மா சிரித்துவிட்டார்.
தொண்டையில் விரல் வைத்துக் காட்டினார்.
ஆங்கிலத்தில் இல்லாத ஓசை,
அந்த இடத்தில் ஒரு 3-ஐ நிறுத்தியிருக்கிறான்.
திருப்பிப் போட்டால் ஐன்.
7-உம் அப்படித்தான்,
கண்ணாடியில் ஊதித் துடைக்கிறோமே, அந்த ஹ.

மறுபடி படித்தேன்.
"அனா தஅபான், யும்மா.
பஸ் லா த்ஹாதீன்."

சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

தஅபான்.
அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியும்.
சிமெண்ட் மூட்டை தூக்கிய முதல் வருஷம்
தண்ணீருக்கு அடுத்தபடி கற்றுக்கொண்டது.
தொண்டை இல்லாமல் 'தபான்' என்போம்.
முடியவில்லை, ஓய்ந்துபோனேன், விட்டுவிடு.
முகத்தை மேசை மாதிரி வைத்துக்கொண்டேன்.
"புரிந்ததா?"
"மாஃபி மாலூம், மாமா."
இருபது திர்ஹம் வைத்தார். வேண்டாமென்றேன்.
எடுக்காமல் போனார்.

மிச்சத்தைச் சாயங்காலம்
டீக்கடை மொய்தூட்டியிடம் கேட்டேன்.
'கவலைப்படாதே' என்று அர்த்தமாம்,
பெண்பிள்ளையிடம் சொல்வதாம்.
யார் சொன்னது என்றார்.
ஒரு பார்ட்டி, என்றேன்.

ராத்திரி பதினொன்றுக்கு மகளிடமிருந்து செய்தி.
தமிழ்தான். எழுத்துதான் ஆங்கிலம்.
வி, ஏ, எல், ஐ.
அப்புறம் 'இல்லப்பா'.

போன வாரம் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து
மணிக்கட்டில் கட்டு.
வெள்ளிக்கிழமைக்குள் செமஸ்டர் பணம்,
அத்தையிடம் கேட்டுப் பார் என்றிருந்தேன்.

வலி இல்லப்பா.
வழி இல்லப்பா.

ஒரே எல்லுக்குள் இரண்டையும் போட்டு அனுப்பிவிட்டாள்.
அந்தப் பையன் மாதிரி இவளும்
ஏதாவது ஓர் எண்ணை ஊன்றி வைத்திருக்கலாம்.
'எந்த ல?' என்று கேட்டேன். ஒற்றை டிக்.
அங்கே மணி பன்னிரண்டரை.

போர்வைக்குள்
நாக்கை மடித்து ஒருமுறை, மடிக்காமல் ஒருமுறை
சொல்லிப் பார்த்தேன்.
மேல்கட்டிலில் பெஷாவர்க்காரன் புரண்டான்.
"கியா ஹுவா, பாய்?"

நோ பிராப்ளம், என்றேன்.